உட்காரு அக்காவின் கடைசி நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் அறைகலன் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஆண்டுக் கண்காட்சிக் குழுவின் செயலாளர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் சோபா கம்பெனி முதலாளி அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியர்களே, மாணவர்களே, அக்காவின் தெருக்காரர்களே! பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவர் பக்கத்தில் நிற்கும் மகளே, மெத்தை தைக்கும் பெரியவரே, உங்கள் மூவரையும் உட்காரச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் முதலில் ஒரு பொய் சொல்வார்கள். சுருக்கமாகப் பேசுகிறேன் என்பார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. நீளமாகத்தான் பேசுவேன். அப்படித்தான் எனக்கு உத்தரவு. என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லையே என்று முன்வரிசையில் ஒருவர் சைகை காட்டுகிறார். நன்றி ஐயா. ஏற்பாடு செய்தவர்களை யாரும் கோபிக்க வேண்டாம். தண்ணீர் வைக்காததும் உத்தரவுதான்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? ‘புகழ்பெற்ற நாற்காலி வடிவமைப்பாளர் காலமானார்’ என்று எங்கள் தொழில் மாத இதழில் அச்சிட்டோம். அதை எழுதியவன் நான்தான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது யாரோ முன்பின் தெரியாதவரைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. ஏனென்றால் நம் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான். உட்காரு அக்கா! வீட்டுக்குப் போனாலும், பட்டறைக்குப் போனாலும், கண்காட்சியில் எதிரே வந்தாலும், அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘உட்காரு’. வயதில் மூத்தவர்களுக்கு ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்வார். அதை உபசாரம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நீங்கள் உட்கார்ந்ததும் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். முழங்காலைப் பார்ப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

உள்ளே வரும்போது வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை முணுமுணுத்துக்கொண்டே ஒருக்களித்து நுழைந்து வந்தீர்கள். அந்த லாரி அக்காவின் கடைசி நாற்காலிகளுக்காக நிற்கிறது. நாளை மறுநாள் கண்காட்சி தொடங்குகிறது. அங்கே கருத்தரங்க மண்டபம் முழுவதும் அக்காவின் புது நாற்காலிதான் என்று செயலாளர் போன வருடமே மேடையில் அறிவித்துவிட்டார். லாரி இங்கிருந்து கண்காட்சித் திடலுக்குப் போகுமா, பட்டறைக்கே திரும்புமா என்பதை மகள் இன்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. பாவம், செயலாளர் அவர்கள் வந்ததிலிருந்து வாசலையும் மகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்காலிகள் தயார். லாரி தயார். மண்டபம் தயார். பிறகு ஏன் மகள் வாயைத் திறக்கவில்லை? அதைச் சொல்வதற்கு நான் பழைய கதையிலிருந்துதான் வர வேண்டும்.

அக்கா முதன்முதலில் பரிசு வாங்கிய வருடம். அப்போது அவர் யாருக்கும் அக்கா இல்லை, வெறும் புதுமுகம். மெல்லிய இரும்புக் கம்பியில் ஒரு நாற்காலி செய்திருந்தார். எவ்வளவு அழகு! யாரோ காற்றில் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது போல நின்றது. கண்காட்சியில் அதை ஒரு மேடைமேல் ஏற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்திருந்தார்கள். நடுவர்கள் வந்தார்கள். முன்னால் நின்று பார்த்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் தரையில் குந்தி அடிப்பக்கத்தைக்கூடப் பார்த்தார். இதற்குத்தான் பரிசு என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஒரு நாற்காலிக்குப் பரிசு கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை! வாயில் வைக்காமல் சமையலுக்குப் பரிசு கொடுப்பார்களா? பாடச் சொல்லாமல் பாடகருக்குப் பரிசு கொடுப்பார்களா? நம் தொழிலில் கொடுப்போம். நமக்குக் கண் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கேட்லாக் பார்த்துக்கொள்ளும்.

பரிசளிப்பு விழா வந்தது. மரியாதை செய்வதாக நினைத்துத் தலைமை நடுவரை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். வரவேற்புரை தொடங்கியது. அது எப்படிப்பட்ட உரை தெரியுமா? முடிகிறது, முடிகிறது என்று ஒவ்வொரு பத்தியிலும் நம்பிக்கை கொடுத்து, மறுபடியும் தொடங்கும் உரை. ஒருவழியாக அது முடிந்து, தலைமை நடுவரைப் பரிசு வழங்க அழைத்தார்கள். அவர் எழுந்தார் என்று என்னால் எழுத முடியவில்லை. எழ முயன்றார். முன்விளிம்புக் கம்பி தொடைக்கு அடியில் அழுத்தி அழுத்தி இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. மேசையைப் பிடித்தார். மேசை விரிப்பு கையோடு வந்தது. பூச்சாடி சாய்ந்தது. கேடயம் மேடையிலிருந்து உருண்டு கீழே போனது. கேடயத்தை வாங்கிக்கொள்ளப் படியேறி வந்த அக்கா, அதை உருளவிட்டுவிட்டு நடுவரைத் தாங்கிப் பிடித்தார்.

நான் செய்தியாளன். பார்த்ததை எழுதினேன். ‘பரிசு பெற்ற நாற்காலியிலிருந்து நடுவர் எழ முடியவில்லை’ என்று தலைப்பு. இதழ் வெளியான அன்று அலுவலகத்துக்குத் தொலைபேசி. அக்காதான். ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

“நிருபரே, அன்னிக்கு வரவேற்புரை அச்சடிச்சுக் குடுத்தாங்களே, அது உங்ககிட்ட இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“அதை எடுத்துக்கிட்டு பட்டறைக்கு வாங்க. ஒரு எழுத்து விடாம படிக்கணும்.”

அன்று தொடங்கியது. கம்பி நாற்காலியின் முன்விளிம்பை வளைத்துக் கீழே இறக்கி, ஒரு வரிசை செய்து வைத்திருந்தார். அதில் பட்டறைக் குடும்பங்களையும் தெருக்காரர்களையும் உட்கார வைத்தார். நான் எதிரே நின்று அந்த உரையைப் படித்தேன். அக்கா பின்சுவரில் சாய்ந்து நின்றார். முடிந்ததும் நான் போய், எல்லோரும் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொன்னேன். “மூஞ்சியை எதுக்குப் பாத்தீங்க? உங்க மனசு நோகக் கூடாதுன்னு மூஞ்சியை நேரா வெச்சிருப்பாங்க. காலைப் பாருங்க” என்றார்.

காலை எப்படிப் பார்ப்பது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். முதலில் கால்மேல் கால் போட்டிருப்பவர் காலை மாற்றிப் போடுவார். அது பரவாயில்லை, பேச்சின் குற்றமாக இருக்கலாம். அடுத்து, மெல்ல முன்னால் நகர்ந்து விளிம்புக்கு வருவார். அங்கே கொஞ்சம் கவலைப்பட வேண்டும். கடைசியாக உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்காருவார். கை அடியில் போய்விட்டதா? அந்த நாற்காலி தோற்றது. யார் என்ன சொன்னாலும் தோற்றதுதான்.

ஒரே நிபந்தனை, உட்காருகிறவர்களுக்கு விஷயம் தெரியக் கூடாது. தெருக்காரர்களே, இனிமேல் மறைத்து என்ன? ‘அறைகலன் தொழிலின் எதிர்காலம்’ என்று நான் உங்களுக்கு எத்தனையோ முறை சொற்பொழிவு ஆற்றியது உங்கள் அறிவை வளர்க்க அல்ல. உங்கள் தொடைகளை நம்பித்தான் இந்த ஊரில் பாதி அலுவலகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் இங்கேதான் எங்கோ இருக்கிறார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு இவ்வளவு வருஷமா எனக்குப் புரியலை சார். ஆனா டீ நல்லாயிருக்கு.” அக்காவிடம் சொன்னேன். அப்படி ஒரு சிரிப்பு! “மாத்திடாதீங்க நிருபரே. புரியற மாதிரி பேசினீங்கன்னா என் தொழில் போச்சு” என்றார்.

ஒரு நாற்காலி தோற்றால் அக்கா என்ன செய்வார்? ஒரு பெரிய ஓட்டல், திறப்பு விழா தேதி குறித்தாகிவிட்டது. கூட்ட அரங்குக்கு நாற்காலி கேட்டிருந்தார்கள். நான் பேசுகிறேன், பேசுகிறேன், தொண்டை கட்டுகிறது. பின்னாலிருந்து அக்கா கையைச் சுழற்றுகிறார், நிறுத்தாதே என்று. கைகள் ஒவ்வொன்றாகத் தொடைக்கு அடியில் போகின்றன. அன்று இரவே ஓட்டல்காரர்களுக்குத் தகவல் போய்விட்டது, இந்த நாற்காலி தர முடியாது, இன்னொரு மாதம் வேண்டும் என்று. அவர்கள் காத்திருக்கவில்லை. வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். பட்டறையே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. அக்கா மட்டும் திறப்பு விழா அழைப்பிதழை வாங்கிப் பார்த்து, பேச்சாளர் வரிசையை மேலிருந்து கீழே படித்துவிட்டு, “பாவம்” என்று சொல்லி மடித்து வைத்தார்.

கண்காட்சிகளில் அவர் செய்த அட்டகாசம் சங்கத் தலைவருக்குத் தெரியும். புகார்களெல்லாம் அவரிடம்தான் வந்தன. ‘தொடாதீர்கள்’, ‘உட்காராதீர்கள்’ என்று எங்கே பலகை இருந்தாலும் அக்கா அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். நம் சோபா முதலாளியின் அரங்கில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டார். அக்கா, அது வெள்ளைத் துணி, அழுக்காகிவிடும் என்று முதலாளி ஓடி வந்தார். “அப்ப வாங்கிட்டுப் போறவங்க என்ன, நின்னுக்கிட்டா டிவி பாப்பாங்க?” என்று கேட்டுவிட்டு அக்கா அதிலேயே உட்கார்ந்தார். முதலாளி ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. சில வருடம் கழித்து அக்காவின் புது நாற்காலி வெளியீட்டுக்கு வந்தவர், மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “அக்கா நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க மனசு வரலை. என் சோபாவுல உக்காந்தா எந்திரிக்க முடியலை. கடைசியில ரெண்டும் ஒண்ணுதானே?” அரங்கமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் அக்கா.

நாற்காலி மட்டுமா? ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் காத்திருப்பு அறையை அழகுபடுத்தித் தரக் கேட்டார்கள். அக்கா போய் ஒரு முழுக் காலைப்பொழுது அங்கே உட்கார்ந்திருந்தார். முடிவுகளைக் கொண்டுவரும் கதவைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள். கதவு திறக்கும்போதெல்லாம் அறையே பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தது. யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அக்கா புதிதாக ஒரு படம் மாட்டவில்லை, சுவருக்கு வண்ணம் அடிக்கவில்லை. நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். பெயர் கூப்பிடும் ஊழியர், இனி உரியவர் அருகில் நடந்து போய் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவ்வளவுதான். இதற்கு எந்தக் கண்காட்சியில் பரிசு கொடுப்போம்? ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து காத்திருந்தவன் நான். என் மனைவிக்காக. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒட்டி முடிக்கும்வரை எனக்கு வேறு நினைவே இல்லை. அதற்குள் ஊழியர் பக்கத்தில் வந்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது மகள் கதைக்கு வருகிறேன். பின்னாலிருந்து அவர் கையைச் சுழற்றுகிறார், பேசுங்கள் என்று. பேசுகிறேன் அம்மா.

மகள் உள்ளலங்காரம் படித்துவிட்டு அம்மாவின் பட்டறையில் பங்குதாரராகச் சேர்ந்தார். சேர்ந்த முதல் வருடமே அம்மாவோடு சண்டை. உட்காருகிறவரின் எடை எங்கே அழுத்துகிறது என்று திரையில் நிறம் நிறமாகக் காட்டும் விரிப்பு ஒன்று வந்திருக்கிறது, அதை வாங்கலாம், இனி நிருபர் அங்கிளைத் தொல்லை செய்ய வேண்டாம், தெருக்காரர்களையும் விட்டுவிடலாம் என்றார். அக்கா மறுக்கவில்லை. விரிப்பை வாங்கினார். ஆசையாகப் பயன்படுத்தினார். அது சரி என்று சொன்ன பிறகும் என்னை வரச்சொன்னார். மகளுக்குக் கோபம். “மெஷின் பொய் சொல்லுமாம்மா?” என்று கேட்டதற்கு, “மெஷினுக்கு போரடிக்காதுடி” என்று பதில் வந்தது.

கண்காட்சி மண்டபத்துக்கான நாற்காலி பாதியில் இருந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தார். பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில், எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்குமே, பார்வையாளருக்கென்று ஒரு நாற்காலி, அதில் கணவர். அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, “என்னங்க, உங்க கை தொடைக்கு அடியில போயிடுச்சு. வீட்டுக்குப் போய்ப் படுங்க” என்றார். கணவர் கையை வெளியே எடுத்துக்கொண்டு, “நாற்காலியைக் குறை சொல்லாதே. எனக்குப் போக மனசில்லை” என்றார். அக்கா அந்த நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு பென்சில் கேட்டார். மருந்து உறையின் பின்பக்கத்தில் இருக்கையின் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்தார். முதுகுப் பலகையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முன்விளிம்பை இன்னும் கீழே இறக்கி. போக மனமில்லாதவர்களுக்கு ஒரு நாற்காலி. அதுதான் கடைசி நாற்காலி.

அதன் முதல் மாதிரியை அவர் பார்த்தார். தொட்டார். முழு வரிசை பட்டறையிலிருந்து தயாராகி வந்தபோது அவர் இல்லை. விரிப்பு எல்லா இடத்திலும் பச்சை காட்டுகிறது. செயலாளர் நாள்தோறும் போன் செய்கிறார். மகள் என்னிடம் வந்து, “மெஷின் சரின்னு சொல்லிடுச்சு அங்கிள். அம்மா இன்னும் சொல்லலையே” என்றார். இதே பெண்தான் அந்தச் சோதனை வேண்டாம் என்று சண்டை போட்டவர். நாற்காலியில் ஏதாவது கோளாறு இருந்து, கண்காட்சிக்கு வரும் அத்தனை பேரும் அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே நெளிந்தால்? அதைவிட அம்மாவின் நாற்காலி வராமலே போகட்டும் என்கிறார். தெருக்காரர்களைக் கூட்டிச் சோதிக்கலாம் என்றால் மண்டபம் நிறைய ஆள் வேண்டும். நாளும் இல்லை. நாளை மறுநாள் கண்காட்சி. எங்கே போவது அத்தனை பேருக்கு? எழுந்து போக முடியாமல், மரியாதைக்காக முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நீண்ட பேச்சைக் கேட்கும் அத்தனை பேருக்கு எங்கே போவது?

சற்றுப் பொறுங்கள். பின்னால் மகள் நகர்கிறார். அப்பாவிடம் ஏதோ கேட்கிறார். அவர் தலையசைக்கிறார். மெத்தைக்காரப் பெரியவர் கடைசி வரிசைப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறார். அவரும் தலையசைக்கிறார்.

நண்பர்களே, தண்ணீர் வைக்காததும் உத்தரவு என்றேனே, ஏன் தெரியுமா? நாற்காலி தோற்றுக்கொண்டிருக்கும்வரை அக்கா எனக்குத் தண்ணீர் தரமாட்டார். கையைச் சுழற்றுவார். தேறிவிட்டால், பின்சுவரிலிருந்து அவரே ஒரு டம்ளரோடு நடந்து வந்து என் முன்னால் வைப்பார். “போதும் நிருபரே, குடிங்க” என்பார். இவ்வளவு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

நடுவழியில் யார் வருகிறார் பாருங்கள்! அவர் கையில் என்ன இருக்கிறது பாருங்கள்!

இப்போது குனியலாம். எல்லோரும் குனிந்து, நீங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வாசலில் நிற்கும் லாரி காலி லாரி. காலையிலேயே அதிலிருந்ததை இங்கே இறக்கியாயிற்று. சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நாற்காலி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் கற்றுத் தருகிறவர்களும் நிறைந்த இந்த மண்டபத்தில், வந்ததிலிருந்து ஒருவர்கூடத் தன் நாற்காலியைப் பார்க்கவில்லை. கயிறு கட்டி மேடையில் வைத்திருந்தால் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்போம். இரங்கல் கூட்டத்தில் இப்படிச் செய்யலாமா என்று மகள் இரண்டு நாள் தவித்தார். கணவர்தான் தீர்த்து வைத்தார்: “இவ்வளவு பேர் ஒண்ணா உக்கார்றாங்கன்னா உங்கம்மா சும்மா விட்டிருப்பாளா?”

அக்காவின் கணவர் அவர்களே, மகளே, உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தோம். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்துவிட்டோம். அக்காவுக்கு இதுதான் பிடிக்கும். இந்த மேடையில் சொல்கிறேன், என் குரல் இருக்கும்வரை இந்தப் பட்டறைக்காகப் பேசுவேன். என் குரல் போனால் சோபா முதலாளி பேசட்டும். அவர் என்னைவிட நன்றாக அறுப்பார், இன்னும் சற்று நேரத்தில் நீங்களே கேட்கப்போகிறீர்கள். செயலாளர் அவர்களே, வரும் கண்காட்சியில் ஒரு அரங்கிலும் ‘உட்காராதீர்கள்’ பலகை இருக்கக் கூடாது. நடுவர்கள் ஒரு முழு வரவேற்புரையை உட்கார்ந்து கேட்ட பிறகுதான் மதிப்பெண் போட வேண்டும். சம்மதமா? தலையசைத்துவிட்டார்! நான் செய்தியாளன். அடுத்த இதழில் வரும்.

தண்ணீர் வந்துவிட்டது. நன்றி அம்மா. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், டம்ளரை வைத்த சத்தமே போதும்.

இனி ஒன்றுதான் பாக்கி. அக்காவுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம். இவ்வளவு நேரம் அறுத்திருக்கிறேன், கால் மரத்துப் போனவர்கள் இருந்தால் உட்கார்ந்தே இருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எழுந்துவிட்டீர்கள். மண்டபம் முழுக்க, ஒரே நேரத்தில். முன்னால் இருப்பவரின் தோளை ஒருவரும் பிடிக்கவில்லை.

அக்கா, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.